தாலாட்டுக்கு ஒரு தண்டனை

ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர் சுற்றிய காலம். ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலம். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. அதை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். மடியில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் அதைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். பாதியில் அது தூங்கிப்போனாலும் பரவாயில்லை. இது பிள்ளை தூங்குகிற கதைதான்.

மகுடவர்மன் நல்ல ராஜா. எடைக்கல்லைக் குறைத்து விற்றவனைப் பிடித்தார். ஊர்க் கிணற்றில் குப்பையைக் கொட்டியவனைப் பிடித்தார். ஏழையின் வரப்பை வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டவனைப் பிடித்தார். அதனால் ஜனங்கள் கதவைச் சாத்தாமல் தூங்கினார்கள். சந்தைக்குப் போன பெண்பிள்ளை பத்திரமாக வீடு திரும்பினாள்.

அவர் போட்ட சட்டம் எல்லாம் நேர். ஒன்றே ஒன்றுதான் கோணல்.

அது எப்படி வந்தது என்றால், ராஜாவுக்கும் ராணி அல்லிநாச்சியாருக்கும் தவமிருந்து ஒரு பிள்ளை பிறந்தது. அதற்கு வெள்ளிச் சங்கிலி போட்டுத் தொட்டில் கட்டினார்கள். பிள்ளை குப்புற விழுந்தது. தவழப் பார்த்தது. பல் முளைக்கும் முன்னே ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

அன்றைக்கு மாடிக்குப் போன ராணி பிறகு கீழே இறங்கவில்லை. பேசவில்லை. சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு சாயங்காலம் தெருவிலிருந்து யாரோ பாடிய தாலாட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ராணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கதவு ஓரத்தில் நின்ற ராஜா அதைப் பார்த்துவிட்டார். ஐயோ, இந்தப் பாட்டு என் பெண்டாட்டியை அழ வைக்கிறதே என்று அவருக்கு நெஞ்சு பதைத்தது. அவர் ராணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முரசு அடித்தார்கள். இனி இந்த ஊரில் யாரும் தாலாட்டுப் பாடக் கூடாது. பாடினால் அரண்மனைக்கு வந்து மூன்று நாள், பொழுது கிளம்பியதிலிருந்து பொழுது சாயும்வரை, இளவரசரின் தொட்டிலை ஆட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டினால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியட்டும். ராஜாவின் மனசில் இருந்தது அதுதான்.

ஊரில் பிள்ளை பிறப்பது நிற்குமா? பிறந்த பிள்ளை பாட்டு இல்லாமல் தூங்குமா? பெண்கள் வழி கண்டுபிடித்தார்கள். ஒருத்தி உலக்கைச் சத்தத்துக்குள் பாட்டை ஒளித்தாள். ஒருத்தி பிள்ளையோடு நெல் கொட்டிவைக்கும் குதிருக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினாள். மற்ற எல்லோரும் சடையாண்டியின் செக்கடிக்குப் போனார்கள்.

சடையாண்டி எள் ஆட்டுகிறவன். அவன் செக்கு சுற்ற ஆரம்பித்தால் அந்தக் கிறீச்சில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பெண்கள் எண்ணெய் வாங்குகிற சாக்கில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பிள்ளை தூங்கினதும் போய்விடுவார்கள். ஒரு கரண்டி எண்ணெய்க்கு அரை நாள் நிற்கிறார்களே என்று சடையாண்டி கேட்டதே இல்லை. அவனுக்குத் தெரியும்.

அப்படியும் சிலபேர் மாட்டினார்கள். முதலில் மாட்டினவள், கன்றுக்குட்டிக்குப் பாடினேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது மாட்டினவள் ஆற்றைத் தாண்டி அடுத்த நாட்டுக்கு ஓடிவிட்டாள். மூன்றாவது மாட்டினவள் ராஜாவின் காலில் விழுந்து, தப்புப் பண்ணிவிட்டேன், புத்தி இல்லாதவள் என்று கதறினாள். ராஜா இரக்கப்பட்டு விட்டுவிட்டார். ஆகவே சட்டம் இருந்தது, தண்டனையும் இருந்தது, ஆனால் அந்தத் தொட்டிலை இதுவரை ஒருத்தரும் ஆட்டினதில்லை. அது பூட்டின அறைக்குள்ளேயே கிடந்தது.

இந்தச் சடையாண்டியின் பெண்டாட்டிதான் வெள்ளச்சி. நம் கதை அவளுடையது.

வெள்ளச்சி அதிகம் பேச மாட்டாள். நாலுபேர் கூடின இடத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கிறவள். அவளுக்கு நாலு வயதில் சிட்டு என்று ஒரு மகள், மடியில் பால் குடிக்கிற ஒரு மகன். புருஷனுடைய செக்கே வீட்டு வாசலில் இருக்கும்போது அவளுக்கு என்ன கவலை? செக்கு சுற்றுகிற நேரம் பார்த்துப் பாடுவாள். மகன் தூங்கிவிடுவான்.

ஒருநாள் மத்தியானம் அவள் எள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். சிட்டு மூலையில் உட்கார்ந்து மரப்பாச்சியைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது. பொம்மைக்குக் கிழிசல் துணியில் ஒரு தூளி. சிட்டு அதை ஆட்டினது. ஆட்டிக்கொண்டே ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டது.

வெள்ளச்சி முறத்தைக் கீழே வைத்தாள். பாப்பாவுக்குப் பாட்டுப் பாடலையா என்று கேட்டாள். சிட்டு கண்ணை உருட்டி நாலு பக்கமும் பார்த்தது.

"பாடக் கூடாதும்மா. பாட்டுன்னா திருட்டு. தலையாரி பிடிச்சுட்டுப் போயிருவாரு. தொட்டில்னா வாயைப் பொத்திக்கிட்டுத்தான் ஆட்டணும்."

அது சொல்லிவிட்டு மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டு ஆட்டினது.

வெள்ளச்சி அந்தச் சின்னக் கையையே பார்த்தாள். நான் ஒளிந்து ஒளிந்து பாடி என் மகனைத் தூங்க வைத்துவிட்டேன். ஆனால் என் மகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறேன்? பாட்டென்றால் திருட்டு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இவள் நாளைக்கு ஒரு பிள்ளையைப் பெற்றால் அதற்குச் செக்குச் சத்தம்தான் தாலாட்டா? அன்று பூராவும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சோறு குழைந்தது. குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. சடையாண்டி தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டான்.

மறுநாள் உச்சிவேளை. செக்கு நின்றிருந்தது. மாடுகள் நிழலில் படுத்து அசைபோட்டன. வெள்ளச்சி தூளிச் சேலையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். நடுத்தெருவில் ஒரு பூவரச மரம். அதன் கிளையில் தூளியைக் கட்டினாள். மகனைப் போட்டாள். சிட்டைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். முதலில் குரலே வரவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

செக்கு சுத்தும் காளையுந்தான் செத்த நேரம் படுத்திருச்சு,
சிறகடிச்ச புறாவுந்தான் கூரையில ஒடுங்கிருச்சு,
கொட்டக் கொட்ட முழிச்சிருக்கும் கொழுந்தே நீ கண்ணுறங்கு.

தெருவில் கதவுகள் திறந்தன. சில கதவுகள் பயந்து சாத்திக்கொண்டன. சிட்டு அம்மாவின் வாயைப் பொத்தக் கையை நீட்டினது, எட்டவில்லை. வெள்ளச்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டை முடித்தாள். அப்புறம் மகளிடம் சொன்னாள், இது திருட்டு இல்லை கண்ணு, திருட்டுன்னா வெயில்ல நின்னு செய்வாங்களா?

தலையாரி வீரணன் வந்துவிட்டான். அவனும் பிள்ளை குட்டிக்காரன்தான். அவன் பெண்டாட்டியும் செக்கடிக்கு எண்ணெய் வாங்க வருகிறவள்தான். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். அந்த மாடுகளைக் காட்டி, அதுங்களுக்குத்தானே பாடினே தாயி, ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் வந்த வழியே போறேன் என்றான்.

"மாட்டைத் தூளியில போட்டு ஆட்டுவாங்களா, அண்ணே? என் பிள்ளைக்குத்தான் பாடினேன். கூட்டிட்டுப் போங்க."

வீரணனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நாளைக் காலையில் பொழுது கிளம்பும்போது அரண்மனைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் சடையாண்டி மாட்டுவண்டியைப் பூட்டினான். பாயைச் சுருட்டி வைத்தான், பிள்ளைகளின் துணியை மூட்டை கட்டினான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் மாமனார் ஊர். அங்கே இந்த ராஜாவின் கை எட்டாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் மூன்று நாள் பொழுது பூராவும் அரண்மனையில் நின்றால் பிள்ளை என்ன ஆகும்? அவன் கோபப்படவில்லை. கெஞ்சினான்.

"ஏறு புள்ள. செக்கு கிடக்கட்டும். அந்த ஊர்லயும் எள்ளு விளையுது."

"நான் வரலை மாமா. ஓடினா நான் தப்புப் பண்ணினவளாயிருவேன்."

"தப்புப் பண்ணலைன்னா எதுக்குப் போய்த் தண்டனை வாங்குறே?"

வெள்ளச்சி மூட்டையை வண்டியிலிருந்து இறக்கி வைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஒச்சம்மா வந்து சேர்ந்தாள். ஒச்சம்மாவுக்கும் கைக்குழந்தை. வாயோ ஊர் அறிந்த வாய். அவள் வந்ததும் வராததுமாக இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நல்லாக் கேளுங்க தம்பி. ஏண்டி, உனக்கு என்ன வேப்பிலை அடிக்கணுமா? சட்டம் கோணல்னா தண்டனையும் கோணல்தானே. அதை எதுக்கு நீ தலையில தூக்கி வெச்சுக்கிறே? வெட்கப்பட்டுக்கிட்டுத் தூணுக்குப் பின்னாடி நின்னவ, இன்னைக்கு நடுத்தெருவுல கச்சேரி வெக்கிறா. கேட்டா தண்டனை வேணுங்கிறா. சந்தையில முட்டாள்தனம் இலவசமாக் குடுக்கிறாங்களோ?"

சடையாண்டிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளச்சியும் சிரித்தாள். சிரித்ததில் அவளுக்கு வார்த்தை வந்தது.

"அக்கா, ராத்திரி கதவைத் திறந்து போட்டுத் தூங்குறோமே, அது யாராலே? இதே ராஜா சட்டத்தாலே. அதெல்லாம் எனக்கு வேணும். இது ஒண்ணுதான் வேண்டாம். இப்ப நான் எனக்குப் பிடிக்காததை மீறிட்டு வண்டியேறிப் போறேன்னு வெச்சுக்கோங்க. நாளைக்கு எடைக்கல்லைக் குறைக்கிறவனும் எனக்கு இது சரின்னு பட்டுச்சுன்னு சொல்லிட்டுப் போவான். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் தண்டனைக்கு நிப்பேன். அவன் நிக்க மாட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்."

ஒச்சம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இப்பவும் நீ பைத்தியம்தான் என்றாள். அப்புறம் வெள்ளச்சியின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். என்கிட்ட ரெண்டு பிள்ளைக்குப் பால் இருக்கு, போய் உன் தொட்டிலை ஆட்டிட்டு வா என்றாள். சடையாண்டி வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்தான்.

காலையில் வெள்ளச்சி அரண்மனைக்குப் போனாள். வாசலிலேயே மந்திரி காத்திருந்தார். ராஜாவுக்கு மனசே இல்லை, பால் கொடுக்கிற பெண்ணை நிறுத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பாடினது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பல்லக்கிலேயே வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம் என்றார். வெள்ளச்சி பல்லக்கைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததுதான். பட்டுத் திரை அழகாகத்தான் இருந்தது.

"பாடினது தப்பில்லைங்க. சட்டத்தை மீறினது உண்மைங்க. ரெண்டுமே உண்மை. ஒண்ணை மறைச்சு ஒண்ணைச் சொல்ல எனக்குத் தெரியாது."

மந்திரி பெருமூச்சு விட்டார். இப்படி ஒரு ஆள் வந்தால் என்ன செய்வது என்று அரண்மனையில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. தொட்டில் அறையின் சாவியைத் தேடவே வெகுநேரம் ஆனது. கடைசியில் கூடத்தில் தொட்டிலைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். வெள்ளிச் சங்கிலி கறுத்துப்போயிருந்தது. உள்ளே சின்னத் தலையணை அப்படியே இருந்தது. அதில் ஒரு பள்ளம். வெள்ளச்சி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் கயிற்றைப் பிடித்தாள்.

முதல் நாள் ஆட்டினாள். சங்கிலி கிலுங்கியது. மாடியில் படுத்திருந்த ராணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்தாள்.

கீழே வெள்ளச்சிக்குத் தோள் கடுத்தது. அதுகூடப் பெரிதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் வந்ததும் மார் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. பெற்றவர்களுக்குத் தெரியும் அந்த வலி. பிள்ளை ஒச்சம்மா வீட்டில் இருக்கிறான், பால் இங்கே இருக்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள். பொழுது சாய்ந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாங்கினாள். ஒச்சம்மா பிள்ளையைக் கொடுத்துவிட்டு, மூணுல ஒண்ணு ஆச்சு, அறிவு வந்துச்சா என்று கேட்டாள். வெள்ளச்சி பால் கொடுத்துக்கொண்டே தலையாட்டி, இல்லை என்றாள்.

இரண்டாம் நாள் ஆட்டினாள். ராணி தோழியைக் கூப்பிட்டாள். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரலில், கீழே என்ன சத்தம் என்று கேட்டாள். தோழி பயந்துபோய், ஒன்றுமில்லை தாயே, காற்று என்றாள்.

அன்று ராஜா கூடத்துக்கு வந்தார். தன் சட்டம் நடப்பதை அவர் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முரசு அடிக்கச் சொல்லும்போது வெறும் வார்த்தையாக இருந்தது. இப்போது முன்னால் தன் மகனுடைய தொட்டில் ஆடுகிறது. ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு ஆட்டுகிறாள். அவள் அழுதால் விரட்டிவிடலாம். திட்டினால் கோபப்படலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. தொட்டிலில் பிள்ளை இருப்பதுபோலவே மெல்ல ஆட்டினாள், இடித்துவிடாமல் ஆட்டினாள். ராஜாவால் அங்கே நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. சாப்பிடாமல் படுக்கப் போனார்.

மூன்றாம் நாளும் ஆட்டினாள். நண்பகல் நேரம். மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. வேலைக்காரர்கள் அப்படியப்படியே நின்றுவிட்டார்கள். ராணி அல்லிநாச்சியார் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தாள். நேராகத் தொட்டிலுக்கு வந்தாள். வெள்ளச்சி கயிற்றை விடாமல் எழுந்து நின்றாள். அவள் மாராப்பு பாலில் நனைந்திருந்தது. வெட்கத்தோடு மற்ற கையால் மூடிக்கொண்டாள்.

ராணி அந்த ஈரத்தைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள். மறுபடி ஈரத்தைப் பார்த்தாள்.

வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு இங்கே எதற்கு நிற்கிறாய் என்று கேட்டாள். வெள்ளச்சி வாயைத் திறக்கக் கூடாது. மந்திரியைப் பார்த்தாள். மந்திரி தரையைப் பார்த்தார். ராணி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? வெள்ளச்சி நடந்ததைச் சொன்னாள். முரசு அடித்ததைச் சொன்னாள், செக்கடியைச் சொன்னாள், சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு பொம்மையை ஆட்டியதைச் சொன்னாள்.

ராணிக்கு இதில் ஒன்றுமே தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஊரில் பாட்டு நின்றுபோனது அவளுக்குத் தெரியும். என் துக்கத்தைப் பார்த்து ஊரே பாட்டை மறந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாடினே? எனக்குப் பாடிக் காட்டு."

"இப்ப பாடினா இன்னும் மூணு நாள் ஆயிரும் தாயே. ஒச்சம்மாக்கா என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க."

ராணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்து வீடு. அவள் தொட்டில் சங்கிலியைப் பிடித்தாள். கண்ணை மூடினாள். தன் பிள்ளைக்குத் தான் பாடின பாட்டைப் பாட ஆரம்பித்தாள். பாதி வார்த்தை மறந்துபோயிருந்தது. மறந்த இடத்தில் வெறும் ராகத்தை இழுத்தாள். பாடப் பாட அழுதாள். அழ அழப் பாடினாள்.

ராஜா எங்கேயோ இருந்தவர் ஓடிவந்தார். யார் பாடுகிறது, யார் என் சட்டத்தை மீறுகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தவர் ராணியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

ராணி அவர் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் பாடினேன். இந்தப் பொண்ணுக்குக் குடுத்ததை எனக்கும் குடுங்க."

ராஜா என்ன தண்டனை கொடுப்பார்? பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டு என்பதா? அவள் மாடியில் கண்ணை மூடிக்கொண்டு இத்தனை காலமும் அதைத்தானே ஆட்டிக்கொண்டிருக்கிறாள்! உனக்காகத்தானே இந்தச் சட்டம், அந்தப் பாட்டைக் கேட்டு நீ அழுதாயே என்று தழுதழுத்தார்.

"எனக்கு அன்னைக்குத்தான் முதல்முதலா அழுகையே வந்துச்சு. கல்லு மாதிரி இருந்த நெஞ்சு அன்னைக்குத்தான் கொஞ்சம் இளகுச்சு. நாளைக்கும் அந்தப் பாட்டு வரும்னு காத்திருந்தேன். நீங்க நிறுத்திட்டீங்க. ஏன் அழறேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ராஜா அங்கேயே, எல்லார் முன்னாலும், அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன் என்று சொன்னார். முரசுக்காரனை ஓடச் சொன்னார். மந்திரி பல்லக்கைக் கூப்பிட்டார். வெள்ளச்சியிடம், நீ போகலாம் தாயி, இனி தண்டனை இல்லை என்றார்.

வெள்ளச்சி ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தாள்.

"பொழுது இன்னும் சாயலைங்க."

சட்டமே போய்விட்டது, பொழுதை எதற்குப் பார்க்கிறாய் என்று மந்திரி கேட்டார். வெள்ளச்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கயிற்றை விடவில்லை.

"நான் பாடின அன்னைக்குச் சட்டம் இருந்துச்சுங்களே. மீதியையும் முடிச்சிட்டே போறேன். இல்லேன்னா ராணியம்மா தயவுல தப்பிச்சேன்னு ஆயிரும். என் மகள் கேட்டா, அம்மா முழுசா நின்னேன்னு சொல்லணும்."

மந்திரி ராஜாவைப் பார்த்தார். ராஜா வெள்ளச்சியையே பார்த்தார். இத்தனை நாள் தன்னை ஏமாற்றினவர்களையும், தன்னைக் கண்டு ஓடினவர்களையும், தன் காலில் விழுந்தவர்களையும்தான் அவர் பார்த்திருக்கிறார். தன் சட்டத்தைத் தப்பு என்று சொல்லிக்கொண்டே தன் சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஒருத்தியை இன்றுதான் பார்க்கிறார்.

ராணிதான் வழி சொன்னாள். முரசு அடித்தபோது தொட்டிலை ஆட்ட வேண்டும் என்றுதானே சொன்னீர்கள், காலியாக இருக்க வேண்டும் என்று சொன்னீர்களா என்று ராஜாவைக் கேட்டாள். அவர் சொல்லவில்லை. உடனே பல்லக்கு கிளம்பியது. வெள்ளச்சி ஏறாத பல்லக்கில் ஒச்சம்மா ஏறி வந்தாள், ஒரு பக்கம் தன் பிள்ளை, ஒரு பக்கம் வெள்ளச்சியின் பிள்ளை, நடுவில் சிட்டு. வழி பூராவும் திரையை விலக்கி, நம்ம தெருக்காரங்க யாராவது பார்க்கிறாங்களா என்று பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

வெள்ளச்சி முதலில் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பிறகு ராணி தன் கையால் அவனை வாங்கித் தொட்டிலில் போட்டாள். தலையணைப் பள்ளத்தில் அவன் தலை சரியாக உட்கார்ந்தது. ராணி அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ராஜா, தப்பான சட்டம் போட்டவனுக்கு என்ன தண்டனை என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். மந்திரி இருமினார். பல்லக்கோடு வந்திருந்த தலையாரி வீரணன் மீசையைத் தடவினான். ராணி தொட்டில் கயிற்றின் மறுமுனையை எடுத்து ராஜாவின் கையில் கொடுத்தாள்.

அன்று பொழுது சாயும்வரை ஒரு பக்கம் வெள்ளச்சியும் ஒரு பக்கம் ராஜாவும் ஆட்டினார்கள். ராஜாவுக்கு வாள் பிடித்த கை. வேகமாக இழுத்துவிடுவார். பிள்ளை சிணுங்கும். மெதுவா, மெதுவா என்று ஒச்சம்மா அதட்டுவாள். அதட்டின பிறகுதான் யாரை அதட்டினோம் என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். சிட்டு தொட்டிலோரம் வந்து நின்றது. ராஜாவை ஒரு தடவை பார்த்தது, அம்மாவை ஒரு தடவை பார்த்தது. அப்புறம் வாயில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, தம்பிக்குப் பாடினது. ராணி கூடச் சேர்ந்து பாடினாள்.

பொழுது சாய்ந்தது. வெள்ளச்சி கயிற்றை வைத்தாள். முதுகை நிமிர்த்திச் சோம்பல் முறித்தாள். வீட்டுக்குப் போகும்போது வாசல் வாசலாகத் தாலாட்டுக் கேட்டது. நல்ல குரல், கெட்ட குரல், தொண்டை கட்டின குரல் எல்லாம் கேட்டது. சடையாண்டி செக்கை நிறுத்திவிட்டு வாசலில் அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். மறுநாளிலிருந்து அவனுக்கு எண்ணெய் வியாபாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. அவன் வருத்தப்படவில்லை.

ஒச்சம்மா மட்டும் கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை. தப்புப் பண்ணாதவ தண்டனை வாங்குறது பைத்தியக்காரத்தனம்தான் என்று கிணற்றடியில் சொல்லுவாள். ஆனால் அந்தப் பைத்தியம் மட்டும் இல்லேன்னா நாம இன்னும் குதிருக்குள்ள தலையை விட்டுக்கிட்டுத்தான் பாடணும் என்று அவளே சொல்லி முடிப்பாள்.

ஆகவே கேட்டவர்களே, தூங்கிப்போன பிள்ளைகளின் பெற்றவர்களே, இந்தக் கதை சொல்லுகிற நீதி இதுதான்: கோணலான சட்டத்தை மீறுகிறவர் பகல் வெளிச்சத்தில் மீறி, பொய்யும் ஓட்டமும் இல்லாமல் அதன் தண்டனையையும் நிமிர்ந்து ஏற்றுக்கொண்டால், அந்தக் கோணல் அதைப் போட்டவர் கண்ணுக்கே தெரிந்துவிடும்.